அப்பா நிலைப்படியில் நின்றுவிடுகிறார், விசில் அடித்தால் நடக்கிறார். டான்ஸ் வகுப்பில் சேர்க்கலாமா?

டெப்போ மகள்

அப்பாவுக்கு வயது 71. அரசு பஸ்ஸில் 29 வருஷம் டிரைவராக இருந்தவர். பார்க்கின்சன் என்று தெரிந்து ஆறு வருஷம் ஆகிறது. நடுக்கம் பெரிதாக இல்லை, வலது கையில் கொஞ்சம், அதுவும் சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுதான். எங்களுக்குத் தலைவலி அவர் நடைதான். ஹாலிலிருந்து பாத்ரூம் போகிற வழியில் ஒரு நிலைப்படி இருக்கிறது, அங்கே வந்ததும் பசை போட்டு ஒட்டினது மாதிரி நின்றுவிடுவார். உடம்பு முன்னால் சாய்கிறது, கால் வருவதில்லை. "நடங்கப்பா, நடங்கப்பா" என்று சொல்லச் சொல்ல இன்னும் இறுகிப் போகிறார்.

போன மாதம் என் பையன் விளையாட்டாகப் பின்னால் நின்று இரண்டு விசில் அடித்தான். தாத்தா காலைத் தூக்கி வைத்துத் தாண்டிப் போய்விட்டார். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், நம்பவே முடியவில்லை. கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் போகலாம். 29 வருஷம் கேட்ட சத்தம் காலுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது போல. இப்போது வீட்டில் ஆளுக்கொரு விசில் வைத்திருக்கிறோம்.

இதைச் சொன்னதும் தெரிந்த ஒருவர், பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு டான்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்களாமே, விசாரித்துப் பார் என்றார். அப்பாவிடம் சொன்னேன். "காலே வரலங்கறேன், என்னை ஆடச் சொல்றியா, ஊரே சிரிக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். உண்மையிலேயே இதில் விஷயம் இருக்கிறதா, இல்லை காசு பிடுங்குகிற வேலையா? யாராவது வீட்டில் செய்து பார்த்திருக்கிறீர்களா?

பிசியோ 16

விசில் விஷயம் அருமை. இப்படி ஒரு வழியை நாங்களே பலருக்குத் தேடித் தேடிப் பார்ப்போம், உங்கள் பையன் விளையாட்டாகக் கண்டுபிடித்துவிட்டான்.

நடக்கும்போது யாரும் 'இப்போது வலது கால், இப்போது இடது கால்' என்று யோசிப்பதில்லை. மூளைக்கு உள்ளே ஒரு பகுதி அதைத் தானாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. அதற்கு டோபமைன் என்ற மூளை ரசாயனம் வேண்டும், பார்க்கின்சனில் குறைவது அதுதான். ஆனால் வெளியிலிருந்து ஒரு தாளம் வந்தாலோ, தரையில் ஒரு கோடு தெரிந்தாலோ, மூளை வேறு வழியாகக் காலுக்கு ஆணை அனுப்ப முடிகிறது. மெயின் ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது, பஸ் சந்து வழியாகப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் வெறும் தரையில் நிற்கிறவர் படிக்கட்டில் தடதடவென்று ஏறுவார், கோலத்தைத் தாண்டச் சொன்னால் தாண்டுவார். நிலைப்படிக்கு முன்னால் கலர் டேப்பைக் குறுக்காக ஒட்டிப் பாருங்கள்.

நடனம் என்பது இந்த வெளித்தாளத்தை ஒரு மணி நேரம் விடாமல் கொடுப்பதுதான். இன்னொன்று, அவர் நின்றுவிட்டால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுத்தால் விழுவார். "நில்லுங்க, இடது பக்கம் சாயுங்க, வலது பக்கம் சாயுங்க, இப்ப பெரிய எட்டு ஒண்ணு" என்று சொல்லுங்கள். இதுவே பாதி டான்ஸ்தான், அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வெட்டிப்பேச்சு வேலு

நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மாமனாருக்கும் இதே வியாதி. இரண்டு வருஷம் முன்பு ஒரு இடத்தில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். 12 வகுப்புக்கு 18,000 ரூபாய். முதல் நாளே "மூளையில் செத்த செல் திரும்ப வளரும், ஆறு மாதத்தில் மாத்திரையைப் பாதியாகக் குறைக்கலாம்" என்று வாய் கூசாமல் சொன்னார்கள். அவரும் நம்பி, எங்களிடம் சொல்லாமல் ஒரு வேளை மாத்திரையை நிறுத்திவிட்டார். நான்கே நாளில் படுக்கையிலிருந்து எழ முடியவில்லை, நரம்பு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதிலிருந்து டான்ஸ் தெரப்பி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் எல்லாரும் காட்டுகிற அந்த நியூயார்க் பிராங்க்ஸ் ஆய்வு. 2003இல் வந்தது, 75 வயது தாண்டிய 469 பேர், நடனம் ஆடியவர்களுக்கு மறதி நோய் குறைவாக வந்தது என்று. ஐயா, அந்த வயதில் நல்லா இருக்கிறவன்தான் ஆடப் போகிறான். ஆடியதால் நன்றாக இருந்தானா, நன்றாக இருந்ததால் ஆடினானா? வாட்ஸ்அப்பில் இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் யாரும் இதைக் கேட்பதில்லை.

பிசியோ 16

வேலு சார், மாத்திரையைக் குறைக்கலாம் என்று சொன்ன இடத்தைப் பற்றி எனக்கும் உங்கள் கோபம்தான். அப்படி ஒருவர் வாயைத் திறந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். நடனம் வியாதியை நிறுத்தாது. பிராங்க்ஸ் ஆய்வு பற்றி நீங்கள் சொன்னதும் நியாயம், அது கவனித்து எழுதியதே தவிர, ஆளைப் பிரித்து வைத்து ஆட வைத்துப் பார்த்தது இல்லை. அதுவும் மறதி நோய் பற்றியது, இங்கே பேசுகிற நடை பற்றியது இல்லை.

பார்க்கின்சனில் அப்படிப் பிரித்துப் பார்த்தவையும் இருக்கின்றன. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹாக்னி, எர்ஹார்ட் என்ற இருவர் டாங்கோ என்ற ஜோடி நடனத்தை ஆட வைத்துப் பார்த்தார்கள். 2009இல் வந்த ஆய்வில் ஒரு குழு டாங்கோ, ஒரு குழு வால்ட்ஸ், ஃபாக்ஸ்ட்ராட் என்ற வேறு ஜோடி நடனங்கள், ஒரு குழு ஒன்றும் இல்லை. 13 வாரத்தில் 20 வகுப்பு. ஆடிய இரண்டு குழுவுக்கும் உடல் சமநிலை முன்னேறியது. 2012இல் ஒரு வருஷம் முழுக்க வாரம் இரண்டு நாள் டாங்கோ, குலுக்கல் முறையில் பிரித்த 62 பேர், மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் அளந்தார்கள். ஆடியவர்களுக்கு அறிகுறிகள் குறைந்தன, ஆடாதவர்கள் அப்படியே இருந்தார்கள். சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்றுமில்லை என்று தள்ளிவிட முடியாது.

டாங்கோ ஏன் என்று கேட்டால், அந்த ஆட்டத்தில் நிற்பது, கிளம்புவது, பின்னால் எட்டு வைப்பது, திரும்புவது எல்லாம் மாறி மாறி வரும். இவர்களுக்கு எது எது வராதோ அதுவே பாடம்.

புனே மாமி

எங்கள் வீட்டுக்காரருக்கு வியாதி வந்து 11 வருஷம். நாங்கள் புனேயில் இருக்கிறோம். இங்கே ஹிருஷிகேஷ் பவார் என்ற நடனக் கலைஞர் பார்க்கின்சன்காரர்களுக்கு வகுப்பு நடத்திவருவதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதெல்லாம் ஆரம்பித்தது நியூயார்க்கில், புரூக்ளினில், 2001இல். மார்க் மாரிஸ் நடனக் குழுவும் அந்த ஊர் பார்க்கின்சன் குழுவும் சேர்ந்து தொடங்கினார்கள். அங்கே யாரையும் நோயாளி என்று கூப்பிடுவதில்லை, ஆட வந்தவர்கள், அவ்வளவுதான். இப்போது இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்த மாதிரி வகுப்புகள் நடக்கின்றன.

நான் பார்த்த வகுப்பைச் சொல்கிறேன். முதல் அரை மணி நேரம் நாற்காலியில்தான். கை, தோள், கழுத்து, பாதம். அப்புறம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது. முடிகிறவர்கள் மட்டும் நடுவில் வந்து நடப்பார்கள். கடைசியில் எல்லோரும் வட்டமாகக் கை கோத்து நிற்பது. வீட்டில் சட்டைப் பொத்தான் போட 10 நிமிஷம் ஆகிறவர், அந்த வட்டத்தில் பக்கத்து ஆளுக்கு அசைவைக் கை மாற்றிக் கொடுக்கும்போது விரல்களை விரித்த அழகை நான் மறக்க மாட்டேன். வெளியே வந்து காரில் ஏறும்போது மறுபடி அதே பொத்தான், அதே 10 நிமிஷம். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலு என்னைப் பிடித்துக்கொள்வார்.

ஆனால் ஒன்று. வியாதி வந்த பிறகு அவர் தானாகக் கிளம்பி, தானாகச் சட்டை எடுத்து வைத்துக் காத்திருந்தது அந்த வகுப்புக்கு மட்டும்தான். பிசியோவுக்குப் போக ஒவ்வொரு முறையும் கெஞ்ச வேண்டும் (16 மன்னிக்கணும்).

பிசியோ 16

மன்னித்தேன் மாமி. எங்கள் தொழிலில் தினம் கேட்பதுதான்.

கொங்குத் தம்பி

டாங்கோவுக்கு எங்கே போவது, நம்மிடம் கும்மி இருக்கிறதே. எங்கள் பக்கம் நாலைந்து வருஷமாக ஊருக்கு ஊர் வள்ளி கும்மி நடக்கிறது, பாட்டிகளும் பேத்திகளும் ஒரே வட்டத்தில் ஆடுகிறார்கள். 2024இல் பத்மஸ்ரீ வாங்கினாரே கோவை பத்ரப்பன் ஐயா, வள்ளி ஒயில் கும்மிக்காக, அப்போது அவருக்கு வயது 87. அந்த வயதிலும் சொல்லிக்கொடுத்தவர். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வெட்டிப்பேச்சு வேலு

தம்பி, அவர் வாழ்நாள் முழுக்க ஆடியவர். என் மாமனார் வாழ்நாள் முழுக்க ரேஷன் கடையில் உட்கார்ந்து பில் போட்டவர். 87 வயதில் ஒருத்தர் ஆடினார் என்பது அவர் பெருமை, என் மாமனாருக்கு மருந்து இல்லை.

சலங்கை டீச்சர்

நாற்பது வருஷமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன், இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவள் என்பதால் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. கும்மியில் கேட்காமலே கிடைப்பது ஒன்று இருக்கிறது, கைத்தட்டல். தாளம் வேறு எங்கிருந்தோ வருவதில்லை, அவரவர் கையிலிருந்தே வருகிறது, பக்கத்து ஆள் கையிலிருந்தும் வருகிறது. ஆனால் வட்டத்தில் குனிந்து நிமிர்ந்து சுற்றிச் சுற்றி வருவது தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆபத்து. தம்பி ஊர்ப் பாட்டிகளுக்கு வியாதி இல்லை, அதுதான் வித்தியாசம். உட்கார்ந்தே கும்மி அடிக்கலாமே, யார் வேண்டாம் என்றார்கள்?

என் அண்ணனுக்கு நான் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். அரைமண்டி, அதாவது முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்து ஆடுவது, கிடையாது, அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நாற்காலியில் உட்கார வைத்து ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. தட்டுக்கழியில் நான் தட்ட, அவர் பாதத்தைத் தரையில் தட்டுவார். இரண்டாவது வாரத்திலிருந்து சொல்லுக்கட்டு, அதாவது தாளத்தை வாயால் சொல்லும் ஜதி. 'தகதிமி தகஜணு' என்று உரக்கச் சொல்ல வேண்டும், பக்கத்து அறைக்குக் கேட்க வேண்டும். இந்த வியாதியில் குரல் உள்ளே போய்விடும் இல்லையா, அண்ணன் பேசுவது அண்ணிக்கே கேட்காது. ஜதி சொல்லும்போது மட்டும் வாசல் வரை கேட்டது. அப்புறம் முத்திரை. முஷ்டி பிடித்து, அதிலிருந்து அலபத்மமாக ஒவ்வொரு விரலாக விரிக்க வேண்டும். எழுத்து சின்னதாகிப்போனவர், அசைவும் சின்னதாகிப்போனவர், அவரிடம் "இன்னும் பெரிய தாமரை, இன்னும் பெரிசு" என்று சொன்னால் கை விரிகிறது. "கையை நீட்டுங்க" என்றால் விரிவதில்லை. எனக்கு இது ஏன் என்று தெரியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

முகமும் இறுகிவிடும் அல்லவா. ஒருநாள் நவரசத்தில் ரௌத்திரம் காட்டச் சொன்னேன். என்னை முறைத்தார் பாருங்கள், அண்ணி பயந்துவிட்டார்கள். அந்த முகத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது என்று அப்புறம் சொன்னார்கள்.

ஸ்கார்பரோ பெடியன்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, நாங்கள் டொராண்டோவில். இங்கே கனடாத் தேசிய பாலே பள்ளியில் பார்க்கின்சன் ஆக்களுக்கு வகுப்பு இருக்கு. யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் அப்படி ஆடின 16 பேரை மூன்று வருடம் பின்தொடர்ந்து 2021இல் கட்டுரை போட்டவை. ஆடாத 16 பேருடன் ஒப்பிட்டால் இவைக்கு மோசமாகிற வேகம் மிகக் குறைவாம். சின்ன ஆய்வு, அதோட குலுக்கல் முறையில் பிரிக்கவும் இல்லை, வேலு அண்ணை கேட்கமுன் நானே சொல்லிவிடுறன்.

அம்மா அங்கே போக மாட்டன் எண்டவ, பாலேயும் வெள்ளைக்காரரும் என்று. பிறகு நாங்கள் ஆறு தமிழ்க் குடும்பம் ஒரு கோயில் மண்டபத்தில் கதிரை போட்டு, அவையின்ர முறையில் பழைய பாட்டுக்கு ஆட வைக்கிறம். இப்ப அம்மாவே மற்றவைக்கு டெலிபோன் எடுத்து "வாறீங்களோ" என்று கேட்கிறா.

கொங்குத் தம்பி

கதிரை என்றால்?

ஸ்கார்பரோ பெடியன்

நாற்காலி தம்பி. சில்லு, அதுதான் சக்கரம், இல்லாத, கைபிடி உள்ள நாற்காலி. இது முக்கியம். முதல் நாள் அலுவலகக் கதிரை ஒன்று கொண்டுவந்து, ஒரு ஐயா எழும்பேக்க அது பின்னால ஓடிவிட்டது. நல்லகாலம், பக்கத்தில நின்றவர் பிடிச்சிட்டார்.

முட்டி வலி சரோஜா

எனக்குப் பார்க்கின்சன் இல்லை, மூட்டுத் தேய்மானம், சுகர் வேறு. வயது 64. நானும் ஆடலாமா? யூடியூப் பார்த்து ஆடினேன், மறுநாள் முட்டி வீங்கிவிட்டது.

பிசியோ 16

ஆடலாம் சரோஜா அம்மா, குதிக்கிற ஆட்டம் மட்டும் வேண்டாம். ஒரு கால் தரையில் எப்போதும் இருக்கட்டும். ஆடின வலி அடுத்த நாள் காலையில் போய்விட்டால் சரி, வீங்கினால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் வெறும் வயிற்றோடு ஆடாதீர்கள், பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்காலில் வேண்டாம்.

டெப்போ மகளுக்கு ஒரு பாராவில் சொல்லிவிடுகிறேன். வகுப்பு நேரத்தை மாத்திரை நேரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். லெவோடோபா என்ற பார்க்கின்சன் மாத்திரையைப் போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துதான் பலருக்கு உடம்பு வசப்படும், அப்போது ஆடட்டும். பருப்பு, முட்டை, பாலோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மாத்திரை சரியாக ஏறாது, டாக்டரிடம் கேட்டு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஒருமுறை, எழுந்து நின்று இரண்டு மூன்று நிமிஷத்தில் ஒருமுறை பிபி பாருங்கள். நின்றபோது மேல் எண் 20 புள்ளியோ அதற்கு மேலோ குறைந்தால் நின்று ஆடுவதை டாக்டர் சொல்லும்வரை தள்ளிவையுங்கள். டைல்ஸில் சாக்ஸ் கூடவே கூடாது. அடி ரொம்பப் பிடிக்கிற ரப்பர் செருப்பும் வேண்டாம், காலை இழுத்து நடக்கிறவர்களுக்கு அது தரையில் மாட்டித் தள்ளிவிடும். ஆடும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், இரண்டு வேலை ஒன்றாக வந்தால் கால் நின்றுவிடும். திரும்பும்போது நின்ற இடத்தில் சுழலக் கூடாது, பெரிய வட்டமாகப் போய்த் திரும்ப வேண்டும்.

டெப்போ மகள்

எல்லாருக்கும் நன்றி. ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

வகுப்புக்கு அனுப்பவில்லை. வீட்டு ஹாலிலேயே, சாயங்காலம் 5 மணி, 4 மணி மாத்திரைக்கு அப்புறம். டான்ஸ் என்ற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை, 'டூட்டி' என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து முதலில் ஸ்டியரிங், இரண்டு கையாலும் பெரிய வட்டம், டீச்சரம்மா சொன்ன மாதிரி "இன்னும் பெரிய வண்டிப்பா" என்றால் கை தோள் உயரம் வருகிறது. பிறகு கிளட்ச், பிரேக், இரண்டு பாதமும் மாறி மாறி, ரேடியோவில் பாட்டு. ஸ்டாப்பிங் பெயரை அவர் கத்திச் சொல்ல வேண்டும், அதுதான் எங்கள் சொல்லுக்கட்டு. 43 ஸ்டாப்பிங்கும் வரிசையாக நினைவிருக்கிறது, என் பெயரைத்தான் சில நாள் தம்பி பெயரோடு மாற்றிச் சொல்கிறார்.

திரும்புவதைப் பற்றி பிசியோ எழுதியதை அவரிடம் படித்துக்காட்டினேன். "இது எனக்குத் தெரியாதா, நின்ன எடத்துல வண்டிய எவன் திருப்புவான், வாங்கி ஒடிக்கணும்" என்றார். அன்றிலிருந்து ஹாலில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி வாங்கி ஒடித்துத்தான் திரும்புகிறார். நிலைப்படியில் நிற்பது குறைந்திருக்கிறது, போகவில்லை. ராத்திரியில் மாத்திரை இறங்கின நேரத்தில் விசிலும் வேலை செய்யவில்லை, டேப்பும் வேலை செய்யவில்லை.

மூன்றாவது வாரம் ஒருமுறை விழுந்தார். என் தப்புதான், திரும்பிக்கொண்டிருந்தவரிடம் "கரண்ட் பில் கட்டியாச்சா" என்று கேட்டேன். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. இரண்டு நாள் டூட்டிக்கு வரமாட்டேன் என்று படுத்துவிட்டார்.

வெட்டிப்பேச்சு வேலு

கரண்ட் பில்லை விட்டுத்தள்ளுங்கள், இடுப்பு எலும்பு தப்பியதே. எனக்கு ஒரு சந்தேகம், கிண்டல் இல்லை, உண்மையாகவே கேட்கிறேன். மாமனாருக்கு இந்த டூட்டி மாதிரி எதை வைப்பது? ரேஷன் கடையில் என்ன தாளம் இருக்கிறது?

சலங்கை டீச்சர்

தராசு இல்லையா? இரண்டு தட்டும் ஏறி இறங்குமே. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து, ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் சாய்ந்து. 16 சொன்ன அந்த இடம் வலம் சாய்வதுதான் அது. அரிசி அளந்து கொட்டுவது, மூட்டையிலிருந்து அள்ளிப் பைக்குப் போடுவது, எண்ணெய் அளப்பது. வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள். முதலில் உட்கார்ந்து.

வெட்டிப்பேச்சு வேலு

எடை குறைத்துப் போட்டார் என்று ஊரே திட்டின மனுஷன் அவர். சொல்லிப் பார்க்கிறேன்.

டெப்போ மகள்

வேலு சார், கைபிடி உள்ள நாற்காலியா என்று முதலில் பாருங்கள். அப்பா மூன்றாவது நாள் எழுந்து வந்துவிட்டார், விசிலை அவரே எடுத்துப் பேரன் கழுத்தில் மாட்டிவிட்டார். இன்று 43 ஸ்டாப்பிங்கில் ஒன்றை விட்டுவிட்டார், அங்கே ஏற வேண்டிய ஆள் யாரும் இல்லையாம்.